'ஷெட்யூல்' என்னும் ஒரு சொல்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, சங்கத்தை இருபத்தைந்து ஆண்டுகள் தோளில் சுமந்து வந்த பெரியோர்களே, தாய்மார்களே, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களே, மாணவச் செல்வங்களே! 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கல்வியின் பெருமையை இம்மேடையில் என்னினும் வல்லவர்கள் பலர் பேசிவிட்டார்கள். நான் முப்பது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தவன். ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி அதற்குப் பொருள் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஆகவே இன்றைக்கும் ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொள்கிறேன். அது ஆங்கிலச் சொல். பள்ளிக்கூடத்துப் படியை மிதிக்காத நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்த சொல். 'ஷெட்யூல்' என்பதே அந்தச் சொல்.

இந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஒரு நாள் காலை ஆசிரியர் கையில் ஒரு கற்றைப் படிவத்துடன் வகுப்புக்குள் வந்தார். "ஷெட்யூல் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். உதவித்தொகைக்குப் பெயர் எழுதுவதற்காகத்தான் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் வகுப்பில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் எழுந்து நின்றார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்தவன் வேறு தெருவைச் சேர்ந்தவன். நாள்தோறும் என்னோடு பந்து விளையாடுபவன். அவனுக்கு முன்னால் எழுந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. மை காய்ந்துபோன பேனாவை உதறுவதுபோல் பாவனை செய்து குனிந்து கொண்டேன். படிவம் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

அந்த ஆண்டு எனக்கு உதவித்தொகை வரவில்லை. என் தந்தையார் நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் கூலி வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். "எல்லாப் பிள்ளைக்கும் வந்திருக்குதே, உனக்கு மட்டும் ஏன் வரலை ராசா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆபீசில் தவறிவிட்டது என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆசையாய் வளர்த்த ஆட்டுக்குட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு என் புத்தகத்திற்கும் சட்டைக்கும் பணம் கொண்டு வந்தார். நான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது அரை நிமிடம். அந்த அரை நிமிட வெட்கத்தின் விலையைக் கட்டியவர் என் தந்தை. இதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். நினைத்துக் கொண்டேயிருந்து விட்டேன். அவர் இன்று இல்லை.

தோழர்களே! இது பழங்கதை என்று நினைத்திருந்தேன். ஆனால் சென்ற ஆண்டு நான் பணியாற்றும் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி அதே படிவத்தை நிரப்பாமல் வைத்திருந்தாள். தனியே அழைத்துக் கேட்டேன். "கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும் ஐயா" என்றாள். நாற்பது ஆண்டு கழிந்தும் அதே குனிந்த தலை! எந்தச் சொல் எங்கள் இருவர் தலையையும் குனிய வைத்ததோ, அந்தச் சொல்லை இன்று உங்கள் முன் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். பழைய கிரேக்கர்களும் உரோமர்களும் பாப்பிரஸ் என்னும் நாணற் புல்லிலிருந்து செய்த தாளில் எழுதினார்கள். அந்தத் தாளின் துண்டுக்கு இலத்தீன் மொழியில் 'ஸ்கேதா' என்று பெயர். சிறு துண்டுக்கு 'ஸ்கேதுலா'. அது பிரெஞ்சு மொழிக்கு வந்து 'செதுய்ல்' ஆயிற்று. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்குப் போய் 'ஷெட்யூல்' ஆயிற்று. அமெரிக்கர்கள் அதையே 'ஸ்கெட்யூல்' என்கிறார்கள். ஆக, அச்சொல்லின் முதற்பொருள் ஒரு துண்டுத் தாள். நம் மொழியில் சொன்னால் ஓலை நறுக்கு. அதில் இழிவும் இல்லை, உயர்வும் இல்லை. எழுதுவதற்கு இடம் உண்டு, அவ்வளவுதான்.

பிறகு பத்திரங்களோடு இணைத்த துண்டுத் தாளை அப்பெயரால் அழைத்தார்கள். முதன்மையான செய்தி பத்திரத்தில் இருக்கும், விவரப் பட்டியல் துண்டுத் தாளில் இருக்கும். அதிலிருந்து பட்டியல், இணைப்பு, அட்டவணை, கால அட்டவணை என்று பொருள்கள் கிளைத்தன.

இன்று அச்சொல் எங்கெல்லாம் வழங்குகிறது என்று பாருங்கள். ஒரு மனையை வாங்கினால் பத்திரத்தின் முடிவில் 'ஷெட்யூல்' என்று தலைப்பிட்டுச் சொத்து விவரம் எழுதுகிறார்கள். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால், வடக்கே எந்தத் தெரு, தெற்கே எவர் மனை என்று நான்கெல்லை அதில் இருக்கும். ஷெட்யூல் இல்லாத பத்திரத்தை யாரும் வாங்க மாட்டார்கள். மருந்துக் கடைக்குப் போனால், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள் பலவற்றின் அட்டையில் 'ஷெட்யூல் ஹெச்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். வங்கிக்குப் போனால், 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயர் ஏறிய வங்கிக்கு 'ஷெட்யூல்டு வங்கி' என்று பெயர். அந்தப் பெயர் வங்கிக்கு ஒரு மதிப்பு. திரைப்படத் துறையினர் "முதல் ஷெட்யூல் முடிந்தது, இரண்டாம் ஷெட்யூல் தொடங்குகிறது" என்று படப்பிடிப்பைச் சொல்கிறார்கள். இரயிலும் விமானமும் தேர்வும் ஷெட்யூல்படி நடக்கின்றன.

இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டு பழஞ்சின்னங்களைக் காக்க ஒரு சட்டம் செய்தார்கள். காக்கப்பட வேண்டிய சின்னங்களின் பெயர்களை அச்சட்டத்தின் அட்டவணையில் எழுதினார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் உலகப் புகழ் பெற்ற கற்சின்னம் அதில் ஒன்று. இன்றும் அவற்றுக்கு அங்கே 'ஷெட்யூல்டு சின்னங்கள்' என்றே பெயர். பட்டியலில் ஏறிய கல்லை எவரும் பெயர்க்கக் கூடாது, சிதைக்கக் கூடாது. ஏற்றியது காப்பதற்காக.

இனி நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்துக்கு வருவோம். 1950-இல் அது நடைமுறைக்கு வந்தபோது அதில் எட்டு அட்டவணைகள் இருந்தன. இப்போது பன்னிரண்டு இருக்கின்றன. முதல் அட்டவணையில் மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் பெயர்கள் உள்ளன. நம் புதுச்சேரியும் அங்கே இருக்கிறது. மூன்றாம் அட்டவணையில் அமைச்சர்களும் நீதிபதிகளும் எடுக்க வேண்டிய உறுதிமொழிகள் உள்ளன. ஏழாம் அட்டவணையில் மத்திய அரசுக்குரியவை, மாநிலங்களுக்குரியவை, இருவருக்கும் பொதுவானவை என்று மூன்று பட்டியல்கள். மாநிலப் பட்டியலில் இருந்த கல்வி, 1976-ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

எட்டாம் அட்டவணை மொழிகளுக்கு உரியது. தொடக்கத்தில் பதினான்கு மொழிகள். இன்று இருபத்திரண்டு. அதில் தமிழ் இருக்கிறது. அப்படியானால் ஆங்கில வழக்குப்படி நம் தாய்மொழி ஒரு 'ஷெட்யூல்டு' மொழி! தமிழன் எவனாவது அதற்காக வெட்கப்பட்டதுண்டா? எங்கள் மொழி அட்டவணையில் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தித்தானே பேசுகிறான்? அட்டவணையில் இடம் கிடைக்காத மொழிக்காரர்கள் எங்களையும் சேருங்கள் என்று கோரிக்கை வைக்கிறார்கள் அல்லவா? மொழியின்மீது ஏறினால் பெருமையாகும் சொல், மனிதன்மீது ஏறினால் மட்டும் எப்படி இழிவாகும்? இழிவு சொல்லில் இல்லை. சொல்லைக் கேட்டுத் திரும்பும் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணின் நோய்க்கு நாம் ஏன் மருந்து உண்ண வேண்டும்?

அன்பர்களே! ஓலை நறுக்கு என்று சொன்னேன். அதைப் பற்றி நம் பக்கத்து வரலாற்றில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், உத்திரமேரூரில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஓலை நறுக்குகளில் பெயர்களை எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள். உலகமே வியக்கும் முறை அது. ஆனால் அந்த ஓலையில் யார் பெயரை எழுதலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவன், நாற்று நட்டவள், ஏரிக்கரையை அடைத்தவன் ஆகியோர் பெயர் அந்த ஓலையில் ஏற வழியில்லை.

இரண்டாவது செய்தி நம் பாகூரே. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. உயர்கல்விக் கூடம் என்று பொருள். அதற்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேடுகளில் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் கல்லூரி இருந்தது என்று பாகூர்க்காரர்கள் பெருமை கொள்ளலாம். நானும் கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று ஊர்களின் விளைச்சலில் நம் முன்னோர் வியர்வை இருந்திருக்குமே தவிர, அந்தக் கூடத்து மாணவர் வரிசையில் நம் முன்னோருக்கு இடம் இருந்திராது. அது வேதக் கல்விக்குரிய இடம். பெயர் எழுதப்படாமல் இருப்பதுதான் நம் பழைய துயரம் என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பின்னர்ப் பெயர் எழுதத் தொடங்கினார்கள். பிறர் வைத்த பெயர்களால் எழுதினார்கள். மக்கள் தொகைக் கணக்குகளில் பலவாறு எழுதினார்கள். அயோத்திதாசப் பண்டிதர், நம் மக்களை அந்த இழிபெயர்களால் எழுதக்கூடாது, ஆதித் தமிழர் என்று எழுத வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே குரல் கொடுத்தார். எம்.சி. ராஜா முதலியோர் முயற்சியால் சென்னை அரசு 1922-இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. ஆங்கில அரசோ 'தாழ்த்தப்பட்ட வகுப்புகள்' என்னும் பொருள்படும் தொடரை வழங்கி வந்தது. 1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டின்போது அண்ணல் அம்பேத்கரும் நம் தமிழ்நாட்டுப் பெரியவர் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு கூடுதல் மனுக் கொடுத்தார்கள். அந்தத் தொடர் எங்களை இழிவுபடுத்துகிறது, அதை மாற்றுங்கள் என்று கேட்டார்கள். அதே ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், 'புறத்தே உள்ள சாதிகள்' என்றொரு பெயரைச் சூட்டிப் பார்த்தார்.

இந்தப் பெயர்ப் போராட்டத்தின் நடுவேதான் 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வந்தது. அதில்தான் 'ஷெட்யூல்டு சாதிகள்' என்னும் தொடர் சட்டத்தில் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு, 1936-இல், மாகாண வாரியாகச் சாதிகளின் பெயர்ப் பட்டியலை ஓர் ஆணையாக வெளியிட்டார்கள். 'தாழ்ந்த' என்றோ 'ஒதுங்கிய' என்றோ 'புறத்தே உள்ள' என்றோ பொருள் தராத பெயர் அது. தாளில் பெயர் எழுதப்பட்டவர்கள் என்று மட்டுமே பொருள். அதனால்தான் அண்ணல் 1942-இல் தம் அரசியல் இயக்கத்தைத் தொடங்கியபோது 'அகில இந்திய ஷெட்யூல்டு சாதிகள் கூட்டமைப்பு' என்று பெயர் வைத்தார். உலகப் பல்கலைக்கழகங்களில் படித்த பேரறிஞர், தம் கொடியில் எழுத வெட்கப்படாத சொல் அது. எனக்கோ அதைக் கேட்டு எழுந்து நிற்க வெட்கமாக இருந்தது!

இனி நம் புதுவையின் கதை. இங்கே ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களைக் கொண்டு வந்தவர்கள். 1881-ஆம் ஆண்டு ஓர் ஆணையின்படி, தம் பழைய தனிநிலைச் சட்டத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றார்கள். நம் மக்களில் பலர் துறந்தார்கள், பிரெஞ்சுக் குடும்பப் பெயர் பெற்றார்கள். எனினும் 1884-இல் வாக்காளர்களை ஐரோப்பியர், துறந்தோர், ஏனைய இந்தியர் என்று மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். சமத்துவம் பேசிய ஆட்சியிலும் பட்டியல் இருந்தது. அது காப்பதற்கான பட்டியல் அன்று, பிரிப்பதற்கான பட்டியல்.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் நம் வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி முழுமை பெற்றது. அதன்பின் 1964 மார்ச்சு 5-ஆம் நாள் குடியரசுத் தலைவர் புதுச்சேரிக்கான ஷெட்யூல்டு சாதிகள் ஆணையை வெளியிட்டார். பிற மாநிலங்களில் 1950-இலேயே எழுதப்பட்ட பெயர்கள் நமக்கு 1964-இல்தான் எழுதப்பட்டன. வட்டாட்சியர் அலுவலகத்தில் நீங்கள் வாங்கும் சாதிச் சான்றிதழுக்கு வேர் அந்த ஆணைதான்.

அந்தச் சான்றிதழைப் பற்றிச் சில செய்திகளை இளைஞர்கள் தெளிவாக அறிந்து கொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆணை வெளியான பின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். எந்த அதிகாரியும் தம் விருப்பப்படி செய்ய இயலாது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நம் கொம்யூன்களில் சாலையின் இந்தப் பக்கம் புதுவை, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று இருக்கும் ஊர்கள் பல. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இருபுறமும் இருக்கின்றன. ஆதலால் எந்தச் சான்று எங்கே செல்லும் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, தாளை ஆயத்தமாக வைத்திருங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஓடாதீர்கள்.

"பத்தாண்டுக்கு மட்டும் கொடுத்த சலுகை, இன்னும் அனுபவிக்கிறீர்களே" என்று உங்களிடம் சிலர் கேட்பார்கள். அவர்களுக்குப் பணிவோடு விடை சொல்லுங்கள். அந்தப் பத்தாண்டுக் கணக்கு 334-ஆம் பிரிவில் உள்ளது. நாடாளுமன்றம், சட்டமன்றம் ஆகியவற்றின் தனித்தொகுதிகளுக்கு மட்டும் உரியது. அதுவும் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 104-ஆம் திருத்தத்தின்படி 2030 வரை உள்ளது. கல்விக்கும் வேலைக்கும் அரசியலமைப்பு அத்தகைய காலக்கெடு எதையும் வைக்கவில்லை. நம் சட்டமன்றத்தில் தேர்தல் நடக்கும் முப்பது தொகுதிகளில் ஐந்து தனித்தொகுதிகள். ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் ஆகியவை நம் சுற்றுவட்டாரத்தில் உள்ளவையே. உயர்நிலைப் பள்ளிக்கு மேல் படிப்போருக்கான உதவித்தொகைத் திட்டம் 1944-இல், வெள்ளையர் ஆட்சியிலேயே தொடங்கியது. அண்ணல் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். உங்கள் உதவித்தொகை எவரும் இரக்கப்பட்டு இட்ட பிச்சை அன்று. போராடி எழுத வைத்த கணக்கு.

இந்தப் பட்டியலில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மறைக்க மாட்டேன். 1950-ஆம் ஆண்டு ஆணை பொதுவாக இந்துக்களுக்கே என்றது. சீக்கியர்களை 1956-இலும் பௌத்தர்களை 1990-இலும் சேர்த்தார்கள். கிறித்தவர்களாகிய நம் உறவினர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். ஒரே தெரு, ஒரே குளம், ஒரே சுடுகாட்டுப் பாதை. அண்ணன் வீட்டுப் பிள்ளைக்குச் சான்று உண்டு, தம்பி வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. ஊரார் ஒதுக்கும்போது இருவரையும் ஒன்றாகவே ஒதுக்கினார்கள். நம் சங்கம் எந்தப் பிள்ளையையும் மதம் கேட்டுச் சேர்க்கவில்லை. அரசின் தாளில் இடமில்லாத பிள்ளைக்கும் நம் பாய்விரிப்பில் இடம் இருந்தது. இருபத்தைந்து ஆண்டுப் பணியில் நான் மிகவும் போற்றுவது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'ஷெட்யூல்' பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். 'ஷெட்யூல்டு' என்பது அந்த வினையிலிருந்து பிறந்த செயப்பாட்டு வடிவம். இலக்கண வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்களே! 'பட்டியலிடப்பட்டவர்' என்றால், பட்டியலிட்டவர் வேறு ஒருவர் என்பது பொருள். நாம் அங்கே செயப்படுபொருள். எழுவாய் நாம் இல்லை. 1936-இல் எழுதியது மன்னரின் அரசு. 1964-இல் எழுதியது குடியரசுத் தலைவர். அவ்வளவில் நின்றுவிட்டால் நாம் என்றென்றும் செயப்படுபொருளாகவே இருந்து விடுவோம். 'தலித்' என்ற சொல்லை மராட்டிய இளைஞர்கள் 1970-களில் உரக்கச் சொன்னபோது, பெயர் வைக்கும் உரிமையைத் தாமே எடுத்துக் கொண்டார்கள். அது ஒரு வழி. மாணவர்களாகிய உங்களுக்கு நாள்தோறும் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு வழி இருக்கிறது.

ஷெட்யூல் என்னும் வினைக்கு இன்னொரு பொருள், நேரம் வகுத்தல். நம் தாத்தா காலத்தில் அவர் நாளை வகுத்தவர் யார்? பண்ணைக்காரர். விடியுமுன் எப்போது களத்துக்கு வர வேண்டும், எப்போது கூழ் குடிக்க வேண்டும், எப்போது வீடு திரும்பலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. தன் நாளைத் தானே வகுக்க முடியாதவன்தான் அடிமை. இன்று உங்கள் மாலைப் பொழுது உங்கள் கையில் இருக்கிறது. அதை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள்? பண்ணைக்காரரிடமிருந்து மீட்ட நேரத்தைக் கைபேசியிடம் அடகு வைத்தால் அது மீட்சி ஆகுமா? ஒரு முழுத்தாளை எடுத்து ஏழு நாளுக்கும் கட்டம் போடுங்கள். இரவு ஏழு முதல் ஒன்பது வரை சங்கக் கட்டடத்தில் படிப்பு என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதியபடி நடங்கள். அந்தத் தாளில் நீங்கள் எழுவாய். ஷெட்யூல் செய்யப்பட்டவன், ஷெட்யூல் செய்பவன் ஆகும் நாள் அது.

ஆசிரியர் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உதவித்தொகைப் படிவத்தை வகுப்பு நடுவில் நின்று கூவிக் கொடுக்காதீர்கள். நான் தலைமையாசிரியரான பிறகு அப்பட்டியலை அலுவலக அறையிலேயே வைத்துக் கொள்கிறேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் படிவம் கொடுக்கிறேன். கால் மணி நேரம் கூடுதலாகப் போகும். போகட்டும். சொல்லில் இழிவில்லை என்று பெரியவர்களுக்கு நான் வாதாடிக் காட்டலாம். பதினான்கு வயதுப் பிள்ளையின் நெஞ்சு வாதத்தைக் கேட்டு ஆறாது. அந்த நெஞ்சு உரம் பெறும்வரை அதைக் காப்பது நம் கடமை.

அந்தப் பெண்பிள்ளையின் கதையை முடிக்கவில்லை அல்லவா? நான் அவளிடம் நீண்ட அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் தந்தை விற்ற ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக் கொண்டிருந்தாள். பிறகு மேசைமேல் இருந்த என் பேனாவையே எடுத்துப் படிவத்தை நிரப்பினாள். போகும்போது, "உங்க அப்பாகிட்ட நீங்க சொல்லவே இல்லையா ஐயா?" என்று கேட்டாள். இல்லை அம்மா என்றேன். இன்று உங்கள் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன். என் தந்தையின் வயதுடைய பெரியவர்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். அவருக்குச் சொன்னதாக ஏற்றுக் கொள்ளுங்கள்.

இளைஞர்களே! பட்டியல் என்றும் இருக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அது தேவைப்படாத நாள் வர வேண்டும். அது தேவைப்படாமல் போவதற்கு ஒரே வழி, இன்று அதை முழுமையாகப் பயன்படுத்துவதுதான். வெட்கத்தால் ஒருவன் விட்டுவிடும் இடம் சமத்துவத்தை ஒரு விரற்கடையும் முன்னேற்றாது. அவன் தந்தையின் ஆட்டுக்குட்டிதான் விலைபோகும்.

பள்ளியில் நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டை வாசிக்கிறோம். அதுவும் ஒரு பட்டியல்தான். பெயர் வாசித்ததும் பிள்ளை எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறது. ஓலை நறுக்கிலும் செப்பேட்டிலும் பெயர் ஏறாத மக்கள் நாம். இன்று நாட்டின் தாளில் பெயர் ஏறியிருக்கிறது. அது வாசிக்கப்படும்போது குனியாதீர்கள். எழுந்து நின்று, எல்லாத் தலைகளும் திரும்பினாலும் திரும்பட்டும், "உள்ளேன்" என்று சொல்லுங்கள்.